ஏச்சுக்குப் பயந்தவர் உண்மை சொல்லமாட்டார்: முதல் நியமனத்தில் வரும் தாதியருக்கு ஒரு வழிகாட்டி

தாதியர் கல்லூரியில் மூன்று வருடப் பயிற்சியை முடித்து, மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ முதல் நியமனம் பெற்று வருகின்ற தம்பி தங்கையருக்காக இதை எழுதுகிறேன். ஊசி போடவும் நாளத்தில் கனுலாக் குழாய் ஏற்றவும் காயம் கட்டவும் நீங்கள் கற்றுக்கொண்டுதான் வருகிறீர்கள். கை பழகப் பழக அவை தாமே சீராகிவிடும். நோயாளரோடு பழகும் முறை அப்படித் தானாகச் சீராவதில்லை. வேலைப்பளு கூடக்கூட அது கெட்டுத்தான் போகும், கெடுவதும் நமக்குத் தெரியாது.

நோயாளரிடம் அன்பாக இருங்கள் என்று உபதேசம் செய்வது என் நோக்கமன்று. இரவுக் கடமையில் விடியற்காலை நான்கு மணிக்கு எவருக்கும் அன்பு ஊறாது என்பதை நீங்களே விரைவில் அறிந்துகொள்வீர்கள். நோயாளர் தமக்கு நடந்ததையும் தாம் செய்ததையும் மறைக்காமல் உங்களிடம் சொல்லக்கூடிய நிலையைத்தான் நான் உறவு என்கிறேன். அது இருந்தால் உங்கள் அளவீடுகளும் பதிவுகளும் உண்மையாக இருக்கும். நமது பகுதியில் அது குலைவதற்கு மிகப் பெரிய காரணம் ஏச்சு.

இதை நான் கற்றுக்கொண்ட விதம் பெருமைக்குரியதன்று. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், மார்கழி மழைக்குப் பிறகு விடுதி முழுவதும் டெங்கு நோயாளர். கட்டில்களுக்கு இடையிலும் பாய் விரித்திருந்தோம். குருதிக்குழாய்களிலிருந்து நீர் கசியும் ஆபத்தான கட்டத்துக்குள் நுழைந்துவிட்ட இளைஞர் ஒருவருக்கு மணிக்கு மணி நீரளவு எழுதிக்கொண்டிருந்தேன். ஐம்பது கிலோ எடையுள்ள வளர்ந்த ஒருவருக்கு அந்தக் கட்டம் நீடிக்கும் 48 மணித்தியாலங்களுக்கும் வாயாலும் நாளத்தாலும் சேர்த்து ஏறத்தாழ 4600 மில்லிலீற்றர்தான் கணக்கு. கூடினால் கசிந்த நீர் நெஞ்சறையில் தேங்கி மூச்சுத் திணறும். அன்று காலை, பார்வையாளர் நேரத்துக்கு முன்பே உள்ளே வந்து மகனின் கட்டிலில் அமர்ந்திருந்த தாயாரை நான் எல்லோர் முன்னிலையிலும் ஏசியிருந்தேன். மாலையில் அந்த இளைஞருக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. என் தாளிலோ எல்லாம் கணக்கோடு சரியாக இருந்தது. வைத்தியர் வந்து கேட்டார், நான் கேட்டேன், கோப்பையில் அளந்து தந்த தண்ணீரைத் தவிர வேறொன்றும் கொடுக்கவில்லை என்று தாயார் தலையில் அடித்துச் சொன்னார். பிறகு சிற்றூழியர் ஒருவர் நடைக்கூடத்துக் குப்பைத் தொட்டியிலிருந்து இரண்டு செவ்விளநீர்க் கோம்பைகளை எடுத்துக் காட்டினார். "மிஸ்ஸி ஏசுவீங்க எண்டுதான் சொல்லல்ல" என்று அந்தத் தாய் அழுதார். இளைஞர் பிழைத்துக்கொண்டார். ஆனால் தாளில் விழாத அந்த இளநீருக்குப் பாதிப் பொறுப்பு என் வாயுடையது என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை.

முறைசொல்லி அழையுங்கள்

கடமையைப் பொறுப்பேற்றவுடன் மருந்து வண்டிலைத் தள்ளிக்கொண்டு போய்விடாமல், ஒருமுறை வெறுங்கையுடன் விடுதியைச் சுற்றி வாருங்கள். ஒவ்வொரு கட்டிலிலும் உங்கள் பெயரையும், எத்தனை மணி வரை நிற்பீர்கள் என்பதையும் சொல்லுங்கள். தாதி நோயாளர் உறவு அறிமுகத்தில் தொடங்கி விடுவிப்பில் முடிகின்ற கட்டங்களைக் கொண்டது என்று 1952 ஆம் ஆண்டில் அமெரிக்கத் தாதியான ஹில்டகார்ட் பெப்லாவ் எழுதியதைப் பரீட்சைக்காக மனனம் செய்திருப்பீர்கள். நமது விடுதிகளில் அந்த அறிமுகக் கட்டத்துக்குக் கிடைப்பது ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்தையும் "ஐந்தாம் கட்டில்" என்று கூப்பிட்டுக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

என்ன முறை சொல்லி அழைப்பது என்பது இங்கே சற்றுச் சிக்கலானது. வயதான தமிழர்களை ஐயா, அம்மா என்றால் போதும். முஸ்லிம் மூத்தவர்களுக்கு வாப்பா, உம்மா என்பதும், உங்களைவிடச் சற்று மூத்தவர்களுக்குக் காக்கா, ராத்தா என்பதும் காதுக்கு இதமாக இருக்கும். 'தாத்தா' என்ற சொல்லில் மட்டும் கவனம் வேண்டும். தமிழருக்கு அது பாட்டன். கரையோரத்து முஸ்லிம் ஊர்கள் சிலவற்றில் அக்காவையே அப்படி அழைப்பார்கள். அம்பாறை நகரத்துச் சிங்களக் குடும்பத்தில் அது தகப்பன். ஒரே விடுதியில் மூன்று பேரும் படுத்திருக்கும்போது நீங்கள் அந்தச் சொல்லை உரக்கக் கூப்பிட்டால் யார் திரும்பிப் பார்ப்பார் என்று சொல்ல முடியாது. ஐயம் இருந்தால், "உங்களை நான் எப்படிக் கூப்பிட?" என்று கேட்டுவிடுங்கள், கேட்டதற்காக எவரும் கோபித்து நான் கண்டதில்லை.

தொடுவதற்கு முன் சொல்லுங்கள்

எதைச் செய்யப்போகிறீர்கள், ஏன் செய்கிறீர்கள், எவ்வளவு நேரம் எடுக்கும், நோகுமா இல்லையா என்ற நான்கையும் கை வைப்பதற்கு முன் சொல்லிவிட வேண்டும். நோகும் என்றால் நோகும் என்றே சொல்லுங்கள். "எறும்பு கடிச்ச மாதிரி" என்று ஒரு பிள்ளையிடம் பொய் சொன்னால், அடுத்த ஊசிக்கு அந்தப் பிள்ளையைப் பிடிக்க மூன்று பேர் வேண்டும்.

பாம்புக்கடி நோயாளரிடம் இதன் பயன் நன்றாகத் தெரியும். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் வயல் வேலை நடக்கும் காலங்களில் கண்ணாடி விரியன் கடித்து வருகின்றவர்களிடம், குருதி உறைகிறதா என்று பார்ப்பதற்காகச் சிறிது குருதியை எடுத்து, சுத்தமான உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, இருபது நிமிடம் அசைக்காமல் வைத்துச் சரித்துப் பார்க்கிறோம். விஷமுறிவு மருந்து ஏற்றிய பின்பும் ஆறு மணித்தியாலங்களுக்கு ஒருமுறை அதையே திரும்பச் செய்கிறோம். காரணம் தெரியாத குடும்பத்துக்கு இது எப்படித் தோன்றும் என்று எண்ணிப் பாருங்கள்: பாம்பு கடித்த மனிதனிடமிருந்து இவர்கள் விடிய விடிய இரத்தம் எடுக்கிறார்கள், எடுத்ததை மேசையில் வைத்துவிட்டுச் சும்மா இருக்கிறார்கள். குழாயை நோயாளருக்குத் தெரியும்படி சரித்துக் காட்டி, "இது இன்னும் தண்ணீராக ஓடுகிறது, கட்டியானால்தான் விஷம் அடங்கியது என்று அர்த்தம்" என்று சொல்லிப் பாருங்கள். அடுத்த முறை அவரே கையை நீட்டுவார். உறைந்ததா என்று அவரே கேட்பார். விஷமுறிவு மருந்து ஏறும்போது ஒவ்வாமை அடிக்கடி வருவதால், உடம்பு அரித்தாலோ, குளிர் நடுக்கம் வந்தாலோ, மூச்சு முட்டினாலோ பொறுத்துக்கொண்டிருக்காமல் உடனே சொல்ல வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவையுங்கள். நம்மவர்களில் பலர், முக்கியமாக வயலில் உழைத்துப் பழகிய ஆண்கள், பொறுத்துக்கொள்வதே ஆண்மை என்று எண்ணிப் பேசாமல் படுத்திருப்பார்கள்.

திரை இழுப்பதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. இழுங்கள். பெண் நோயாளருக்கு ஈசிஜி எடுக்கும்போது முதலில் திரை, பிறகுதான் ஆடை. ஆண் தாதியாக இருந்தால் ஒரு பெண் ஊழியரை உடன் வைத்துக்கொள்ளுங்கள். கையில் கட்டிய கோயில் நூலையோ தாயத்தையோ சத்திரசிகிச்சைக்காக அகற்ற வேண்டியிருந்தால், கேட்டுவிட்டு, அவர்கள் கையாலேயே அவிழ்க்கச் சொல்லி, வீட்டாரிடம் கொடுங்கள். கத்தரிக்கோலால் வெட்டிக் குப்பையில் போட்டுவிட்டு அதன் பிறகு அவரிடம் ஒத்துழைப்பை எதிர்பார்க்க முடியாது.

குற்றம் சாட்டாமல் கேளுங்கள்

இதுதான் எல்லாவற்றிலும் கடினமான படி. "நாட்டு மருந்து ஏதும் குடித்தீர்களா?" என்று கேட்டால் "இல்லை" என்ற விடைதான் வரும், அந்தக் கேள்வியின் தொனியிலேயே ஏச்சு காத்திருக்கிறது. "இங்கே கொண்டுவருவதற்கு முன் வீட்டில் என்னென்ன செய்து பார்த்தீர்கள்?" என்று கேளுங்கள். பரிகாரியிடம் போனது, கடிவாய்க்கு மேல் கயிறு கட்டியது, டெங்குவுக்குப் பப்பாசி இலைச்சாறு கொடுத்தது, காய்ச்சலுக்குக் கடையில் வாங்கிய நோவுக் குளிசை என எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வரும். வரும்போது உங்கள் முகம் மாறக்கூடாது. நாக்கை அடக்கினாலும் புருவம் காட்டிக்கொடுத்துவிடும். எழுதிக்கொள்ளுங்கள், "சொன்னது நல்லது" என்று சொல்லுங்கள், வைத்தியரிடம் தெரிவியுங்கள். டெங்குக் காய்ச்சலுக்கு பரசிட்டமோல் தவிர்ந்த நோவுக் குளிசைகள் குருதிக் கசிவைக் கூட்டக்கூடியவை. ஆகவே அந்தக் கடைக் குளிசையின் பெயர் தெரிவது நமக்கு ஒரு பரிசோதனை அறிக்கைக்குச் சமம். சிவப்பு நிறத்திலும் கபில நிறத்திலும் உள்ள பானங்களைக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லும்போது, சத்தி எடுத்தால் அது இரத்தமா பானமா என்று பிரித்தறிய முடியாமற் போகும் என்ற காரணத்தையும் சொல்லுங்கள். காரணம் தெரிந்தவர் கடைப்பிடிப்பார். தெரியாதவர் நீங்கள் பார்க்காத நேரத்தில் கொடுப்பார்.

நோன்பு காலத்தில் இதே பிரச்சினை வேறு வடிவில் வரும். காத்தான்குடியிலோ ஏறாவூரிலோ அக்கரைப்பற்றிலோ வேலை செய்தால் முதல் ரமழானிலேயே பார்ப்பீர்கள். இன்சுலின் போடும் உம்மா ஒருவர் பகலில் தந்த உணவைத் தலையணைக்குப் பின்னால் வைத்துவிட்டுச் சாப்பிட்டதாகச் சொல்வார். பின்னேரம் குருதிச் சீனி இறங்கி வியர்த்துப்போய்க் கிடப்பார். நோயாளருக்கு நோன்பில் சலுகை உண்டு என்று அவருக்கு மார்க்கம் படிப்பிக்கப் போகாதீர்கள். அது உங்களுக்குத் தெரிந்ததைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். நோன்பு தொடங்குவதற்கு முன்பே, "நோன்பு பிடிக்க எண்ணமிருக்கிறதா? இருந்தால் சொல்லுங்கள், டொக்டரிடம் கேட்டு மருந்து நேரத்தைப் பார்ப்போம்" என்று கேட்டுவிடுங்கள். மருந்தின் அளவையோ நேரத்தையோ நீங்களாக மாற்றக்கூடாது. பிடிக்கவே கூடாது என்று வைத்தியர் தீர்மானித்தால், வீட்டு மூத்தவர் ஒருவரையோ மௌலவியையோ பேச வைப்பது உங்கள் பத்து விளக்கங்களைவிடப் பயன்தரும். கொப்பளிப்பானை 'அம்மாள் வருத்தம்' என்று சொல்லி வேப்பிலையோடு வருகின்ற குடும்பத்திடமும் இதே பொறுமை வேண்டும். வேப்பிலை தலைமாட்டில் இருந்துவிட்டுப் போகட்டும். குளிசை வயிற்றுக்குள் போனால் சரி.

அவர்கள் சொல்லில் எழுதுங்கள், அவர்கள் மொழியில் சொல்லுங்கள்

நோவு, உளைவு, எரிவு, குத்து, கரிப்பு என்பவை ஒன்றல்ல. கால் உளைகிறது என்பவரையும் கால் நோகிறது என்பவரையும் ஒரே ஆங்கிலச் சொல்லால் பதிவுசெய்தால், வைத்தியருக்குப் போய்ச்சேர வேண்டிய பாதிச் செய்தி தொலைந்துவிடும். "நெஞ்சு கரிக்குது" என்பது பெரும்பாலும் வயிற்றுப் புளிப்புத்தான். ஆனால் சீனி வருத்தம் உள்ள ஒருவர் "ஒரு மாதிரி இருக்கு" என்று மட்டும் சொல்லி வியர்த்தாலும் மாரடைப்பை நினையுங்கள், ஏனெனில் அவர்களுக்கு நோவே இல்லாமலும் அது வரும்.

விடுதிச் சுற்றில் வைத்தியர் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் பேசிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். நோயாளர் உங்கள் முகத்தைப் பார்ப்பார். அந்த இடத்தில் நீங்கள்தான் பாலம். சுற்று முடிந்ததும் திரும்பிப் போய், சொல்லப்பட்டதை மூன்று வசனத்தில் தமிழில் சொல்லுங்கள். சொல்லப்படாததைச் சேர்க்காதீர்கள், ஆறுதலுக்காகக் குறைக்கவும் வேண்டாம். அம்பாறையில் நியமனம் பெற்றவர்கள் சிங்களத்தில் "ரிதெனவத?" என்று நோவைக் கேட்கவும், "பய வென்ன எப்பா" என்று தைரியம் சொல்லவுமாவது முதல் வாரத்திலேயே பழகிக்கொள்ளுங்கள். பிழையாக உச்சரித்தாலும் கட்டிலில் இருப்பவர் சிரிப்பார், சிரித்தவர் பேசுவார்.

"இப்ப வாறன்" என்ற வாக்கு

நமது விடுதிகளில் அதிகமாகச் சொல்லப்படும் பொய் இது. நாற்பது நோயாளருக்கு இரண்டு பேர் கடமையில் நிற்கும்போது எவராலும் உடனே வர முடியாது. அதை நோயாளரும் கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். வர முடியாத நேரத்தில் "இந்தப் பக்கத்து மருந்தெல்லாம் முடிய அரை மணித்தியாலம் ஆகும், அதற்குப் பிறகு வருவேன்" என்று சொல்லுங்கள், சொன்னபடி வாருங்கள். இரண்டு தடவை அப்படி வந்துவிட்டால் மூன்றாம் தடவை அவர் தேவையில்லாமல் கூப்பிடமாட்டார், தேவைக்குக் கூப்பிடாமலும் இருக்கமாட்டார். சலப் போத்தல் கேட்பவரை மட்டும் காக்க வைக்காதீர்கள். காத்திருந்து முடியாமல் தானே எழும்பிக் கழிவறைக்குப் போய் விழுந்த முதியவர்களை நான் போதுமான அளவு பார்த்துவிட்டேன்.

துணைக்கு நிற்பவர்கள்

நமது நோயாளர் தனி ஆளாக வருவதில்லை. மாமி, சின்னம்மா, பக்கத்து வீட்டுக்காரர் என்று ஒரு வான் நிறைய வருவார்கள். அவர்களை விரட்டுவதிலேயே நாளைக் கழிக்காமல், வீட்டாரிடம் ஒருவரைத் தெரிவுசெய்யச் சொல்லி, அவரிடம் மட்டும் விவரம் சொல்லுங்கள். துணைக்கு நிற்பவருக்கு ஒரு வேலையும் கொடுங்கள்: குடித்ததை அளந்து எழுதுவது, சலத்தை அளந்து வைப்பது, இரவில் மூச்சைக் கவனிப்பது. அந்தச் செவ்விளநீர்த் தாயிடம் நான் காலையிலேயே ஓர் அளவுக் கோப்பையையும் தாளையும் கொடுத்து, ஏன் அளக்கிறோம் என்று சொல்லியிருந்தால், அவர் எனக்கு இன்னொரு கண்ணாக இருந்திருப்பார்.

நஞ்சருந்தி வந்தவர்

இவர்களைத்தான் நாம் அதிகமாக ஏசுகிறோம். "உங்களுக்கு வேற வேலையில்லையா, மற்ற நோயாளிகளைப் பார்க்க விடுறீங்களா" என்று கேட்பதை நீங்கள் காதாலேயே கேட்பீர்கள்; சில மாதங்களில் உங்கள் வாயிலும் வரப்பார்க்கும். அப்போது இரண்டை நினைவில் வையுங்கள். ஒன்று, என்ன குடித்தார், எவ்வளவு, எத்தனை மணிக்கு என்ற மூன்றையும் அவர் வாயிலிருந்துதான் அறிய வேண்டும். அவமானப்படுத்தப்பட்டவர் அதைச் சொல்லமாட்டார், அல்லது குறைத்துச் சொல்வார். மற்றது, உயிர் மீண்ட பின்பு வரும் முதல் இரவுகளில் அவரோடு பேச விடுதியில் பெரும்பாலும் உங்களைத் தவிர வேறு ஆளில்லை. "என்ன நடந்தது?" என்று கேட்டுவிட்டு மௌனமாக இருங்கள். சாகும் எண்ணம் இன்னும் இருக்கிறதா என்று நேரடியாகவே கேட்கலாம். கேட்பதால் எண்ணம் வளர்வதில்லை. இருக்கிறது என்றால் உடனே வைத்தியருக்கு அறிவியுங்கள், தனியே விடாதீர்கள். தற்கொலை முயற்சி 1998 ஆம் ஆண்டிலிருந்து இலங்கையில் குற்றமல்ல என்பதைப் பொலிஸுக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருக்கும் குடும்பத்துக்குச் சொல்லுங்கள். உளநலப் பிரிவுக்கு அனுப்பும்படி வைத்தியருக்கு நினைவூட்டுங்கள். வீட்டுக்குப் போகும்போது 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்தை எழுதிக் கொடுங்கள்.

எல்லைகள்

இது சிறிய ஊர். களுவாஞ்சிக்குடியிலோ கல்முனையிலோ உங்கள் விடுதிக்கு வருகின்றவர்களில் பாதிப் பேர் உங்கள் உறவினரையோ உறவினரின் உறவினரையோ அறிந்தவர்கள். கல்யாண வீட்டில் ஒரு மாமி, "எங்கட ஆள் உங்கட வாட்டிலதானே, என்ன வருத்தமாம்?" என்று கேட்பார். "அவரிட்டயே கேளுங்க மாமி" என்று சிரித்துக்கொண்டே சொல்லப் பழகுங்கள். ஒரு தடவை நீங்கள் சொல்லிவிட்டால், அந்த ஊரிலிருந்து வரும் எந்த இளம் பெண்ணும் உங்களிடம் உண்மையான வரலாறு சொல்லமாட்டாள். நோயாளரின் படத்தைக் கைத்தொலைபேசியில் எடுக்காதீர்கள். முகம் தெரியாவிட்டாலும் வேண்டாம், பின்னால் உள்ள கட்டிலையும் துணிகளையும் வைத்தே இங்கு ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அன்பளிப்பைப் பொறுத்தவரை என் வழக்கம் இது. பணமென்றால் திருப்பிக் கொடுத்துவிடுவேன். ஒரு கொத்து முந்திரிப் பழமோ ஒரு தயிர்ச் சட்டியோ என்றால், எல்லோருக்கும் என்று சொல்லித் தேநீர் அறையில் வைத்துவிடுவேன். தயிரை மறுத்து மனத்தை நோகடிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை; வேறு விதமாக நினைக்கும் மூத்தவர்களும் இருக்கிறார்கள், உங்கள் பொறுப்புத் தாதியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் படித்த பிறகும் நீங்கள் ஏசத்தான் போகிறீர்கள். ஏசிவிட்டால் அந்தக் கடமை முடிவதற்குள் அதே கட்டிலுக்குத் திரும்பிப் போய், "காலையில் நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்று சொல்லிவிடுங்கள். ஏச்சு எல்லோர் முன்னிலையிலும் நடந்திருந்தால் இதையும் எல்லோருக்கும் கேட்கும்படியே சொல்லுங்கள். மருந்து கொடுப்பதில் பிழை நடந்தாலும் உடனே வைத்தியருக்கும் பொறுப்புத் தாதிக்கும் அறிவியுங்கள். நோயாளருக்குச் சொல்வதை அவர்களோடு சேர்ந்து செய்யுங்கள்.

துண்டு வெட்டும் நாள்

துண்டு வெட்டியவுடன், அதாவது வீட்டுக்குப் போகலாம் என்று எழுதிக் கொடுத்தவுடன், நோயாளரின் செவிகள் விடுதியை விட்டு வெளியேறிவிடும். மண்டூருக்குப் போக வேண்டிய ஒருவர், குருமண்வெளித் துறையில் வாவியைக் கடக்கும் பாதைப் படகு கிடைக்குமா, அந்தப் பக்கம் பஸ் இருக்குமா என்பதைத்தான் யோசித்துக்கொண்டிருப்பார். ஆகவே மருந்து விளக்கத்தை முதல் நாளே தொடங்கிவிடுங்கள், தூரத்தவர்களின் அட்டைகளை முன்னதாக எழுதித்தரும்படி வைத்தியரிடம் கேளுங்கள்.

"விளங்கிச்சா?" என்று கேட்காதீர்கள், விளங்காதவரும் தலையாட்டுவார். குளிசைப் பைகளை அவர் மடியில் வைத்து, "வீட்டுக்குப் போனதும் இரவைக்கு எதை எடுப்பீங்க, எடுத்துக் காட்டுங்க" என்று சொல்லுங்கள். வாசிக்கத் தெரியாதவருக்குக் காலைக்குச் சூரியனும் இரவுக்குப் பிறையும் பையில் வரைந்து கொடுக்கலாம். இன்சுலின் புதிதாகத் தொடங்கியவர் உங்கள் முன்னிலையில் தன் கையாலேயே ஊசியில் அளவை இழுத்துக் காட்ட வேண்டும். கண் பார்வை குறைந்தவரானால் பேரப்பிள்ளையை அழைத்து இழுக்கச் சொல்லுங்கள். குளிர்சாதனப் பெட்டி வீட்டில் உண்டா என்றும் கேளுங்கள். இல்லையென்றால், மண்முட்டியில் தண்ணீர் விட்டு, இன்சுலின் குப்பியைத் தண்ணீர் புகாதபடி பொலித்தீன் பையில் கட்டி உள்ளே வைக்கும் விதத்தைச் செய்து காட்டுங்கள். எந்த அறிகுறி வந்தால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் திரும்பி வர வேண்டும் என்பதையும், 1990 என்று அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும் என்பதையும் சொல்லுங்கள். எல்லாம் முடிந்த பிறகு, கிளினிக் கொப்பி அவரின் கையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கட்டிலின் கீழும் ஒருமுறை பாருங்கள். செருப்பு பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும்.